அட்டையில் வந்த குடும்பம்

லிஃப்ட்காரருக்கு ஐம்பது வயதுக்கு மேல் ஒரே நாளில் குடும்பம் அமைந்தது. அவர் பெண் தேடவும் இல்லை, கல்யாணம் செய்யவும் இல்லை. கம்பெனி அனுப்பிய இன்சூரன்ஸ் அட்டையில் அவர் பெயருக்குக் கீழே ஒரு மனைவி, அதற்கும் கீழே எட்டு வயதில் ஒரு மகள். சம்பளச் சீட்டைப் பார்த்தால், குடும்பஸ்தர் என்று குடும்பப்படியும் சேர்த்திருந்தார்கள். மனுஷனோ சுத்த ஒண்டிக்கட்டை. கேட்ட லீவைக் கொடுக்காத கம்பெனி, கேட்காத பெண்டாட்டியைக் கொடுத்துவிட்டது! அவர்கள் சம்பளப் பிரிவின் லட்சணம் அப்படி.

முதலில் வயிறு குலுங்கச் சிரித்தார். ஒற்றை ஆளாகச் சிரிப்பது தன் காதுக்கே ஒரு மாதிரியாக இருக்க, நிறுத்திக்கொண்டார். மறுநாள் போய்ச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தார். மறுநாள் எங்கோ ஒரு லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட, ரிப்பேர் பார்க்க ஓட வேண்டியதாயிற்று. அதற்கடுத்த நாள் நேரம் இருந்தது, கால்தான் நகரவில்லை. அட்டையிலிருந்த இரண்டு பெயர்களையும் வாய்விட்டுப் படித்தார். அந்த வீட்டுக்குள் இன்னொருவர் பெயர் கேட்டு எத்தனையோ வருஷமாயிற்று. அட்டையைப் பர்ஸுக்குள் செருகிக்கொண்டார்.

அவர் வேலையும் பேச்சுத்துணை இல்லாத வேலை. மொட்டைமாடிக்கு மேலே மெஷின் ரூமில், கிரீஸும் கம்பிவடமுமாகப் பொழுது போகும். ஏறி இறங்குகிறவர்கள் பேசுவது அரைகுறையாக மேலே வந்து சேரும். ஒருவர் சிரிப்பது கேட்கும், எதற்கென்று தெரியாது.

வாயைத் திறக்க வைத்தது ஒரு வங்கிக் கட்டடத்து வாட்ச்மேன். அந்த ஆளுக்கு யாரையாவது பிடித்துப் பேசாவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

"என்ன சார், லீவு நாள்லயும் வந்துட்டீங்க? வீட்ல திட்ட மாட்டாங்களா?"

வழக்கமாக ஒரு இளிப்போடு நகர்ந்துவிடுகிறவர், அன்று, "திட்டாம என்ன! பொண்ணு வேற மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கா" என்றார்.

சொன்னது அவருக்கே தூக்கிவாரிப் போட்டது. ஆனால் ஒரு பொய் குட்டி போடாமல் இருக்குமா? அடுத்த முறை மகளுக்குப் பால் பிடிக்கவில்லை. அதற்கடுத்த முறை பூனை வேண்டுமென்று அடம் பிடித்தாள். வாட்ச்மேன் மறக்காமல் விசாரிப்பார். இவரும் அந்தக் கட்டடத்துக்குப் போகும் நாளில் தலையை ஒழுங்காக வாரிக்கொள்வார். பொய்யோ மெய்யோ, அந்த நாட்களில் அவர் சந்தோஷமாக இருந்தார். அதை இல்லையென்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அப்புறம் சம்பளப் பிரிவிலிருந்து ஒரு பெண்மணியின் போன் வந்தது.

"அண்ணே, ஒரு தப்பு நடந்துபோச்சு. வேற கிளையில ஒரு எலக்ட்ரீஷியன். அவரு குடும்பத்தை உங்க கணக்குல ஏத்திட்டோம். இப்ப அவரு பொண்ணுக்குக் காதுல ஆபரேஷன். இன்சூரன்ஸ்ல கையை விரிச்சுட்டாங்க. அட்டைப்படி அது உங்க பொண்ணாம்! நீங்க நேர்ல வந்து எழுதிக் கொடுத்தாதான் ஆஸ்பத்திரில தேதி கொடுப்பாங்க."

லிஃப்ட்காரர் பர்ஸிலிருந்து அட்டையை எடுத்துப் பார்த்தார். அந்தப் பெயருக்கு ஒரு உடம்பு இருக்கும், அதற்குக் காது வலிக்கும் என்று அவர் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

மறுநாள் ஆபீசில் எலக்ட்ரீஷியனும் மகளும் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார்கள். சிறுமியின் ஒரு காதில் பஞ்சு.

"அட்டை வந்தப்பவே சொல்லியிருக்கலாமேண்ணே?" என்றாள் சம்பளப் பிரிவுக்காரி. தப்புச் செய்தது இவர்கள், கேள்வி மட்டும் அவருக்கு! கொழுப்பைப் பாருங்கள். ஆனால் எலக்ட்ரீஷியனும் பதிலுக்காக அவரைத்தான் பார்த்தார்.

"சொல்லியிருக்கணும். என் தப்புதான்" என்றார் லிஃப்ட்காரர்.

"சரி விடுங்க. கூடுதலா கொடுத்த குடும்பப்படியை அடுத்த சம்பளத்துல பிடிச்சுக்குவோம். இதுல உங்க கைப்பட எழுதணும். எனக்கு மனைவியோ பிள்ளைகளோ இல்லைன்னு."

எழுதினார். யாருக்கும் தெரியாத விஷயமில்லை, அவரே தினம் பார்க்கிற விஷயம். ஆனாலும் எழுதியதை இரண்டு முறை படித்துப் பார்த்தார்.

காது மந்தம் என்பதால் சிறுமிக்குக் குரல் பெரிது. "அப்பா, இவர்தான் அந்தத் தப்பு அப்பாவா?" என்று ஆபீசே கேட்கும்படி கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள்.

"ஏய், சும்மா இரு! மனசுல வச்சுக்காதீங்கண்ணே" என்று எலக்ட்ரீஷியன் நெளிந்தார்.

"குழந்தை சரியாத்தானே கேக்குது" என்ற லிஃப்ட்காரர், அவளுடைய நல்ல காதுப் பக்கம் குனிந்து, "உனக்குப் பூனை பிடிக்குமா?" என்றார்.

"ஐயே! எனக்கு நாய்தான்."

பழைய அட்டையைச் சம்பளப் பிரிவுக்காரி கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டிக் குப்பைக்கூடையில் போட்டாள்.

அடுத்த தடவை வங்கிக் கட்டடத்துக்குப் போகும்போது, உண்மையைப் போட்டு உடைத்துவிடுவது என்றுதான் கிளம்பினார். காலையிலேயே சம்பளப் பிரிவுக்குப் போன் செய்து, ஆபரேஷன் என்னவாயிற்று என்றும் கேட்டு வைத்திருந்தார்.

"என்ன சார், ஆளையே காணோம்? பாப்பா எப்படி இருக்கா?" என்றார் வாட்ச்மேன்.

லிஃப்ட்காரர் வாயைத் திறந்தார். "காதுல ஒரு ஆபரேஷன். நல்லபடியா முடிஞ்சுது. இப்ப நல்லா கேக்குது" என்றார். ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

"அப்பாடா! இன்னிக்காவது நேரத்தோட வீட்டுக்குப் போங்க சார். வாசல்லேர்ந்தே பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்க. எப்படி ஓடி வரா பாருங்க!"

அன்று நேரத்தோடுதான் போனார். பூட்டைத் திறந்து வாசலிலேயே நின்றார். பெயர் தொண்டை வரை வந்தது. கைப்பட எழுதிக் கொடுத்தாயிற்றே என்று விழுங்கிக்கொண்டு, உள்ளே போய் விளக்கைப் போட்டார்.