மத்தியானக் கரண்ட்

"மிஷின் ஓடுறப்ப உங்க வீட்டுக்காரர் எங்கம்மா தூங்குவார்?" என்று கேட்டார், புது மீட்டர் மாட்ட வந்த கரண்ட் ஆபீஸ்காரர். ஸ்குரூவைப் பல்லில் கடித்துக்கொண்டு ஏணி மேலிருந்து கேட்டதால் அவளுக்கு அது கேலியாகத்தான் பட்டது. "இடி விழுந்தாலும் எழுந்திரிக்க மாட்டாரு சார்" என்று சிரித்துவிட்டாள். வெயில் ஏறியதும் சோலாரிலிருந்து கரண்ட் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறதாம், அந்த நேரத்தில் அதை வாங்க ஆளில்லையாம். "காலி பஸ்ஸு மாதிரிம்மா. ஏறிக்கிட்டீங்கன்னா பாதி டிக்கெட்டு" என்றார். பஸ் டிரைவர் பெண்டாட்டியிடமே பஸ் கதையா என்று அதற்கும் சிரித்தாள்.

அவளுக்கு முன்னறையில் சலவை மிஷின்கள். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளும் லாட்ஜ் துண்டுகளும் மூட்டையாக வரும். முழு விலைக் கரண்டில் துவைத்தால் கையில் ஒன்றும் நிற்காது. அதனால் காலையெல்லாம் சோப்புத்தூளைக் கிளறிக்கொண்டு, வாசலுக்கும் மீட்டருக்கும் நடந்துகொண்டு, அதில் அரைவிலை நேரத்தைக் காட்டும் பச்சை விளக்கு எப்போது எரியும் என்று காத்திருப்பாள். விளக்கு எரிகிற நேரமும் புருஷன் படுக்கிற நேரமும் ஒன்றாகிப்போனதுதான் வினை. இரவெல்லாம் தொலைதூர பஸ் ஓட்டிவிட்டு வந்து, குளித்து, சாப்பிட்டு, பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவன் சாய்வான். இந்தப் பக்கம் மிஷின் உறுமும். மிஷின் கால்களுக்கு அடியில் பழைய கம்பளியை மடித்து வைத்தாள். அவன் குப்புறப் படுத்த பிறகே பிழியும் பொத்தானை அழுத்தினாள். அவன் ஒரு நாளும் முணுமுணுத்ததில்லை. கண்கள் மட்டும் செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டன.

மாடியில் இருந்த அவன் அக்காதான் போன வாரம் போட்டு உடைத்தாள். ராத்திரி பஸ் நடுரோட்டு வெள்ளைக் கோட்டைத் தாண்டிப் போனதைப் பின்சீட்டில் இருந்த இன்ஸ்பெக்டர் பார்த்துவிட்டாராம். இன்னொரு தடவை கண் சொருகினால் ஸ்டீயரிங்கைப் பிடுங்கிக்கொண்டு, டிப்போவில் பஸ் கழுவ விட்டுவிடுவார்களாம். கண்டக்டர் வந்து சொன்னானாம்.

"உன்கிட்ட சொல்லலையா? எப்படிச் சொல்லுவான், நீதான் முதலாளியம்மா ஆச்சே. என் தம்பி தூக்கத்துக்கும் ஒரு மீட்டர் மாட்டிடு, எவ்வளவு மிச்சம்னு பாக்கலாம்."

"இன்ஸ்பெக்டர் பாத்தாரு, நல்லதாப் போச்சு அண்ணி" என்றாள் அவள். வேலை போவதைவிட, பார்க்க யாரும் இல்லாத ஒரு ராத்திரி ரோட்டு வளைவுதான் அவள் கண்முன் வந்தது. அதிலிருந்து அவளுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

இன்று மத்தியானம் வழக்கம்போல மிஷினை ஓடவிட்டாள். தடுப்புக்குப் பின்னால் குறட்டை சீராகக் கேட்டதும் மனசு கேட்கவில்லை. பாதி நுரையோடு விரிப்புகள் கிடக்க, சுவிட்சை அணைத்தாள். ஆஸ்பத்திரிக்கு என்ன பதில் சொல்வதென்று பிறகு பார்த்துக்கொள்ளலாம். இன்றாவது அவன் நிம்மதியாகத் தூங்கட்டும். மூச்சைக்கூட மெல்ல விட்டுக்கொண்டு நின்றாள்.

கட்டில் மடார் என்று அதிர்ந்தது. ஓடிப்போய்ப் பார்த்தாள். எழுந்து உட்கார்ந்திருந்தான். வலது கால் கட்டில் சட்டத்தை அழுத்தி மிதித்தபடி விறைத்திருந்தது.

"எந்த ஸ்டாப்பு?" என்றான்.

"வீடுங்க. நம்ம வீடு. நீங்க தூங்கணும்னுதான் மிஷினை நிறுத்தினேன்."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அது ஓடினா நான் தூக்கத்துலயும் ஓட்டிக்கிட்டே இருக்கேன். நின்னா இறங்கணும்னு முழிச்சுக்கறேன். நீ என்னதான் பண்ணுவ, பாவம்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். போடவா, வேண்டாமா என்று சுவிட்சில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். மிஷினுக்குள் அழுக்குத் தண்ணீர் அசையாமல் கிடந்தது. அவன் மல்லாந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெயில் இறங்கும்வரை இருவரும் அப்படியே இருந்தார்கள்.

சாயங்காலம் அவன் காக்கிச்சட்டையை மாட்டினான். டீ டம்ளரை நீட்டியபோது அவன் விரல்கள் அதைப் பிடிக்கச் சற்றுத் தாமதித்தன.

"இன்னைக்கு ஒரு நாள் லீவு சொல்லிடுங்க."

டம்ளரைப் பாதியோடு வைத்தான். மாடிப்படியில் அக்கா வந்து நின்றாள்.

"ஏங்க, உங்களைத்தான்."

வாசலில் குனிந்து ஷூவை மாட்டினான், நிமிர்ந்தான், படியிறங்கினான். தினமும் தெருமுனை வரை இரண்டு தடவை 'வரேன்' சொல்கிறவன், திரும்பவே இல்லை. சட்டைப் பொத்தான்களை ஒன்று தள்ளிப் போட்டிருந்தான். ஒரு பக்கத் தோள் தூக்கிக்கொண்டிருக்க, காலர் காதைத் தொட, அவன் பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்துகொண்டிருந்தான்.