கொல்லையில் கவிழ்ந்த நீல வாளி

1

பெரிதாக எதையும் எதிர்பார்த்து உட்காராதீர்கள். இந்தக் கதை ஒரு பிளாஸ்டிக் வாளியைப் பார்த்துத் தோன்றியது.

நாகூரில், வெட்டாற்றுப் பக்கம் எங்கள் தெரு. என் வீட்டு மாடிச் சன்னலோரத்தில்தான் எழுத உட்காருவேன். அங்கிருந்து பக்கத்து வீட்டு சைத்தூன் பீவியின் கொல்லை முழுசாகத் தெரியும். கொல்லை நடுவில் இடுப்பு உயரத்துக்கு ஒரு சிமெண்டுக் கட்டை. அதன்மேல் நேற்றுக் காலையிலிருந்து ஒரு நீல வாளி கவிழ்ந்திருக்கிறது. காற்றில் பறக்காமல் இருக்க மேலே ஒரு செங்கல். இருபத்தாறு மணி நேரமாக விடாத மழை அந்த வாளியின்மேல் தடதடவென்று கொட்டுகிறது. அடடா, இதை வைத்து ஒரு கதை எழுதினால் என்ன என்று நோட்டைத் திறந்துவிட்டேன்.

அடியில் என்ன இருக்கிறதென்று தெரியாது. மருதாணிக் கன்றாக இருக்கலாம். தெரியாமல் இருப்பதுதான் கதைக்கு நல்லது.

முதல் வரிக்கு மூன்று முயற்சி செய்தேன்.

"ஐப்பசி வானம் கறுத்துக்

வேண்டாம். மழைக்கதை எழுதுகிற எல்லாரும் முதலில் வானத்தைத்தான் கறுக்க வைக்கிறார்கள்.

"பின்லாந்தின் பனி படர்ந்த சாலையில் அவள்

நான் பனிக்கட்டியைப் பிரிட்ஜில் பார்த்ததோடு சரி.

"அஃப்ரீனுக்குப் பயமாக இருந்தது."

இது இருக்கட்டும். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. என் வாசலில் ஐந்து படி. ஒன்று முழுகிவிட்டது.

2

அஃப்ரீன் சைத்தூன் பீவியின் ஒரே மகள். நிஜத்தில் வேறு பெயர். வெளிநாட்டில் மேல்படிப்பு படிக்கிறாள். நகரங்கள் ஏன் இப்படிச் சுடுகின்றன, ஏன் இப்படி முழுகுகின்றன, ஊர்கள் இதையெல்லாம் தாங்கி எப்படி நிலைப்பது என்று சொல்லித்தருகிற படிப்பு. ஒரு நாட்டில் ஆறு மாதம், அடுத்த நாட்டில் ஆறு மாதம் என்று மாற்றி மாற்றிப் படிக்க வைக்கிறார்கள். இப்போது பின்லாந்து. கூடப் படிக்கிற பிள்ளைகள் பெரிய பெரிய நகரங்களை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ள, இவள் எங்கள் தெருவை எடுத்துக்கொண்டாள்.

"தஞ்சாவூர் வயல்ல பெய்யுறது, பாபநாசத்துல பெய்யுறது எல்லாம் நம்ம பக்கமா வந்துதான் மாமா கடலுக்குப் போவணும். கடல் வாங்கலைன்னா எங்க நிக்கும்? எங்க வூட்டுலதான் நிக்கும்" என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். லூர்து மாமா என்றுதான் கூப்பிடுவாள். நான் லூர்துராஜ்.

'எங்க வூடு' என்று அவள் சொன்னது வாய்வார்த்தையாக அல்ல. எங்கள் ஊர் முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றில் வீடு மகளுக்குத்தான். அவள் வாப்பா சேக் தாவூது தொண்ணூற்று மூன்றில் சவூதிக்குப் போனவர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார், கொஞ்சம் சுவர் எழுப்புவார், விமானம் ஏறிவிடுவார். நெல் விளைந்த பள்ளத்தையெல்லாம் மனை போட்டு விற்ற காலம் அது. மேல்மாடி மகள் கல்யாணத்துக்கு என்று சொல்லிக் கம்பிகளை மட்டும் நீட்டி நிறுத்தியிருக்கிறார். படிக்கட்டு இல்லை. தெருவில் ரோட்டின்மேல் ரோடாகப் போட்டு உயர்த்தியதில் வீட்டுத்தரை தாழ்ந்துவிட்டது. உள்ளே சைத்தூன் பீவி தனியாக இருக்கிறாள், மூட்டுவலியோடு.

(ஏணி ஏறுகிற உடம்பில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மொட்டைமாடியில் ஏற்றிக் காப்பாற்றியிருக்கலாமே என்று கடைசியில் யாரும் என்னிடம் சண்டைக்கு வரக் கூடாது.)

3

போன வருஷம் கார்த்திகையில் அஃப்ரீன் அங்கிருந்து போன் போட்டாள். செயற்கைக்கோள் எடுத்த மேகப்படம் பார்த்தாளாம், பேய்மழை வருகிறதாம், எல்லாரும் கிளம்ப வேண்டுமாம். படித்த பிள்ளை சொல்கிறதே என்று தெருவே மூட்டை கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் போய் இரண்டு நாள் கிடந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. அன்றிலிருந்து வெயில் கொளுத்தும் நாளில் எங்கள் தெருவில், "என்னங்க, இன்னிக்கி அஃப்ரீன் மழை போல" என்பார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். சைத்தூன் பீவி அப்போதெல்லாம் சிரிக்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அந்த அவமானத்தில்தான், இந்த ஆவணியில் ஊருக்கு வந்தபோது, மழையை அளக்கிற டப்பா ஒன்றைக் கொண்டுவந்து அஃப்ரீன் பொருத்திவிட்டுப் போனாள். நான் அப்போது பாபநாசத்தில் மகள் வீட்டில் இருந்தேன், பார்க்கவில்லை.* எங்கள் தெருவில் பெய்கிற மழையை அளந்து கால் மணிக்கு ஒருமுறை குறுஞ்செய்தியாக அவள் கணினிக்கு அனுப்புமாம், நெட் வேண்டாமாம். தாய்க்கும் மகளுக்கும் ஒரு பேச்சு.

"ஒரு நாள்ல இரநூறு மில்லிமீட்டர் தாண்டிச்சுன்னா நான் போன் பண்ணுவேன். உடனே கிளம்பிடணும் உம்மா."

"உன் டப்பா சொல்லட்டும், கிளம்புறேன். அது சொல்லாம யாரு வந்து கூப்புட்டாலும் உன் வூட்ட வுட்டு நகர மாட்டேன். ஊரு ஒரு தடவ சிரிச்சது போதும்."

இதைச் சைத்தூன் பீவியே என் மனைவி அக்னஸிடம் பெருமையாகச் சொன்னாள்.

* அந்த வீட்டு மொட்டைமாடிக் கம்பியில் வட்டமாகத் தட்டு ஒன்று தெரிகிறது. அதுதான் அந்த டப்பாவாக இருக்க வேண்டும்.

(போன் அடிக்கிறது. ஏதோ தேசத்து நீளமான நம்பர். இந்த மோசடிக்காரப் பயல்கள் மழையில்கூட மனிதனை விடுவதில்லை. எழுதும்போது நான் எடுப்பதுமில்லை. இரண்டாம் படி போய்விட்டது.)

4

அஃப்ரீனுக்குப் பயமாக இருந்தது.

அவள் அறையை நான் பார்த்ததில்லை. ஒரு மேசை, ஒரு கணினி, சன்னலுக்கு வெளியே எல்லாம் வெள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். திரையில் ஒரு பக்கம் செயற்கைக்கோள் மேகப்படம். தஞ்சாவூரிலிருந்து நாகூர்வரை, வடக்கே சீர்காழி தாண்டியும் ஒரே சிவப்பு, பேய்மழை என்று அர்த்தம். இன்னொரு பக்கம் உம்மா வீட்டு டப்பா அனுப்பும் எண். பூச்சியம். கால் மணிக்கு ஒரு பூச்சியமாக, நேற்றுக் காலையிலிருந்து வரிசையாகப் பூச்சியம்.

முதலில் அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. போன வருஷமும் படம் இதே மாதிரி சிவந்து கிடந்தது, தெருவில் வெயிலடித்தது. படத்தை நம்பி மோசம் போகாமல் இருக்கத்தானே டப்பா? உம்மாவுக்குப் போன் போட்டாள். அணைந்திருந்தது. சவூதிக்குப் போட்டாள்.

"எனக்கும் கிடைக்கல புள்ள. கரண்ட் இருக்காது. உன் டப்பா என்ன சொல்லுது?"

"பூச்சியம்தான் வாப்பா."

"அப்பறம் என்ன? நீ படிப்பப் பாரு."

சரி என்று வைத்துவிட்டாள். படிப்பைப் பார்க்காமல் திரையையே பார்த்தாள். அடுத்த கால் மணிக்கும் பூச்சியம் வந்தது. அதற்கடுத்ததற்கும் வந்தது.

[இங்கே எனக்கு ஒரு சந்தேகம். இவ்வளவு படித்தவள் இத்தனை நேரம் இந்தப் பூச்சியத்தை நம்புவாளா? எழுதியது பொய்யாகப் படுகிறதே? யோசித்துப் பார்த்தால், நம்புவாள். இன்னொரு தடவை தெருவை எழுப்பி, இன்னொரு தடவை வெயிலடித்தால், உம்மா அந்தத் தெருவில் எப்படி நடப்பாள்? அந்தப் பயம் ஒரு பக்கம் இழுக்கிறது. உம்மா செத்துப்போய்விடுவாளோ என்கிற பயம் மறுபக்கம் இழுக்கிறது. நடுவில் அந்தப் பிள்ளை உட்கார்ந்திருக்கிறது.]

5

மதியம் பன்னிரண்டு மணிக்கு எங்கள் தெருவுக்கு வேன் வந்தது. பெண்கள், பிள்ளைகள் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். நான் சன்னலிலிருந்து கத்தினேன்.

"தங்கச்சி, வேன் நிக்குது. போகலியா?"

"எம்புள்ள டப்பா இன்னும் சொல்லலையேண்ணே. சொல்லியிருந்தா புள்ள போன் பண்ணியிருக்குமே."

"அப்ப எங்க மாடிக்காவது வாங்க."

"அக்னஸ் அக்கா ஊர்ல இல்லியே" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அக்னஸ் பாபநாசத்தில் இருக்கிறாள். ஆம்பிளை தனியாக இருக்கும் வீட்டுக்குச் சைத்தூன் பீவி வரமாட்டாள். நான் இறங்கிப் போய்க் கெஞ்சியிருக்கலாம். போன் உயிரோடு இருக்கிறதா என்றாவது கேட்டிருக்கலாம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கதை நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. வந்து உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது இதற்கு முடிவு வேண்டும்.

முடிவு அ: மழை விட்டுவிடுகிறது. தெரு கலகலக்கிறது. சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே இதை எழுத வெட்கமாக இருக்கிறது. வேண்டாம்.

முடிவு ஆ: மறுநாள் வாப்பா போன் போடுகிறார். "புள்ள, உம்மா

இல்லை. சத்தியமாக இதை எழுதமாட்டேன். எழுதினால் நடந்துவிடுமோ என்று பாதி வரியோடு நிறுத்திவிட்டேன். எழுதுகிறவனுக்கு இந்த மூடநம்பிக்கை இருந்தால் தப்பா?

முடிவு இ: அஃப்ரீனே கண்டுபிடித்துவிடுகிறாள். இது பரவாயில்லை. அவளையே யோசிக்க விடுவோம்.

(போன். அதே நம்பர். நாலாவது தடவை. ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு ஒருவர் வெட்டாற்றுக் கரை அரிக்கிறது என்று கத்திக்கொண்டு போகிறார். ஆட்டோ மேட்டுத் தெருவோடு திரும்பிவிட்டது, இங்கே வர முடியவில்லை. மூன்றாம் படி.)

6

அஃப்ரீன் நாற்காலியை விட்டு எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். பயந்துகொண்டே கணக்குப் போட்டாள்.

டப்பாவில் பேட்டரி தீர்ந்திருந்தால் எண்ணே வராது. டவர் போயிருந்தாலும் வராது. வருகிறது. ஆகவே டப்பா உயிரோடு இருக்கிறது. இலை அடைத்திருந்தால்? அப்போதும் துளியாவது இறங்கும், ஒன்றோ இரண்டோ காட்டும். சுத்தப் பூச்சியம் என்றால் ஒரு சொட்டுகூட உள்ளே விழவில்லை. ஊர் முழுக்கக் கொட்டுகிறது, டப்பாவுக்குள் மட்டும் ஒரு சொட்டு இல்லை. அதெப்படி?

ஆவணியில் கிளம்பிய அன்று அவள் சொன்னது ஞாபகம் வந்தது. "உம்மா, வெளிநாட்டுச் சாமான். பத்திரமாப் பாத்துக்குங்க."

"நீ போ புள்ள. கண்ணு மாதிரி பாத்துக்குவேன்."

மழை அதற்குள் விழ வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. அதைப் போய் யாராவது சொல்வார்களா?

அந்த வீட்டில் ஒரு பொருளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வதற்கு ஒரே ஒரு வழிதான். வாப்பா அனுப்பிய சோபாவில் பிளாஸ்டிக் தாளை இருபது வருஷமாக உரிக்கவில்லை. ரிமோட்டுக்குப் பாலிதீன் உறை, அதற்குமேல் ரப்பர் பேண்டு. பிரிட்ஜுக்குப் பூப்போட்ட பாவாடை. மிக்சிக்குத் தைத்த சட்டை. சுவர்க் கடிகாரம்கூடக் கண்ணாடித் தாளுக்குள்ளேதான் ஓடுகிறது. கடல் தாண்டி வந்த எதையும் உம்மா திறந்து வைத்ததே இல்லை. மூடிவைப்பாள். தூசு வந்தால் மூடுவாள். மழை வந்தால்

மழை வந்தால், பிள்ளையின் சாமான் நனைந்துவிடுமே என்று

[இங்கே என் பேனா நின்றுவிட்டது. கொல்லையைப் பார்க்கிறேன். சிமெண்டுக் கட்டை. நீல வாளி. மேலே செங்கல்.]

7

மொட்டைமாடியில் இருப்பது டிவி தட்டு. மடையா, லூர்துராஜ், அது டிவி தட்டுடா.

நேற்றுக் காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். ரசித்துக்கொண்டிருக்கிறேன். நான் பெயர் மாற்றி எழுதிய பிள்ளை எனக்கு முன்னால் கண்டுபிடித்துவிட்டது. அந்த நீளமான நம்பர் யாருடையது என்றும் இப்போது தெரிகிறது. எப்போதும் வாட்ஸப்பில் படத்தோடு கூப்பிடுவாள். இங்கே நெட் இல்லை, அதனால் வெறும் நம்பர்.

நாலாம் படி முழுகிவிட்டது. சைத்தூன் பீவி வீட்டுக்குள் கட்டில் உயரம் இருக்கும். தண்ணீர் அழுத்துகிற கதவை உள்ளேயிருந்து ஒரு பொம்பிளை இழுத்துத் திறக்க முடியாது. கத்தியிருந்தால் இந்த மழைச் சத்தத்தில் எனக்குக் கேட்டிருக்காது. கத்தினாளா? ஆண்டவரே, கத்தினாளா?

போன் அடிக்கிறது. ஐந்தாவது தடவை.

எடுத்துப் பேச எனக்கு நேரமில்லை, தைரியமும் இல்லை. தண்ணீரில் அதைக் கொண்டுபோகவும் முடியாது. மேசைமேல் வைத்துவிட்டு இறங்குகிறேன். கொல்லைச் சுவரைத் தாண்டிக் குதித்தால் முதலில் அந்தக் கட்டை, அப்புறம் பின்கதவு. டப்பா சொல்லிடுச்சு தங்கச்சி, இரநூறு தாண்டிடுச்சு, வாங்க என்பேன். பொய்யும் இல்லை.

நீங்கள் இவ்வளவு நேரம் சும்மாதானே உட்கார்ந்திருந்தீர்கள். நீங்கள் எடுங்கள். உம்மா எப்படி இருக்காங்க என்றுதான் முதலில் கேட்பாள். தெரியாது என்று சொல்லுங்கள். கதாசிரியர் எங்கே என்று கேட்கமாட்டாள். லூர்து மாமா எங்கே என்று கேட்பாள். வாளியை எடுக்கப் போயிருக்கிறார் என்று சொல்லுங்கள், அவளுக்குப் புரியும். திரையைப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். அடுத்த கால் மணிக்குள் அந்தப் பூச்சியம் மாறினால், மாமா கொல்லைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார், பின்கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

மாறவில்லை என்றால்