பேர் சொல்லாத கதைகள்

“கையுறை போட்டுக்கோம்மா,” என்றார் சித்தப்பா. இது மூன்றாவது தடவை.

அவள் காதில் வாங்காதவள் போல, வெந்நீரில் துண்டை முக்கிப் பிழிந்து தம்பியின் கழுத்தைத் துடைத்தாள். சாப்பாட்டு மேஜையைச் சமையலறைப் பக்கம் நகர்த்திவிட்டு, கூடத்தின் நடுவில் பெஞ்சு போட்டு அவனைக் கிடத்தியிருந்தார்கள். மருந்துக்கடை திறக்கும்வரை காத்திருந்து சித்தப்பா வாங்கி வந்த கையுறைப் பெட்டி, பிரிக்காமல் மேஜைமேல் கிடந்தது.

“தொட்டா ஒட்டிக்காது சித்தப்பா. நேத்தே சொன்னேனே.”

“தெரியும்மா, தெரியும். இருந்தாலும்...” என்று சொல்லிக்கொண்டே அவர் ஓர் அடி பின்னால் போனார்.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபது வருஷமாக அவள் கையுறையோடுதான் வாழ்கிறாள். கழற்றி எறிந்ததையெல்லாம் சேர்த்து வைத்திருந்தால் ஓர் அறை நிரம்பியிருக்கும். ஊசியும் ரத்தமும் புழங்குகிற இடத்தில் அது வேண்டியதுதான். இங்கே இருந்தது வெந்நீரும் துண்டும் தம்பியும் மட்டும்.

அவன் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவன். பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தும் நகக்கண்ணில் எண்ணெய்க் கறுப்பு போகவில்லை. விரல் விரலாகத் துடைத்து மேலே வந்தபோது, முழங்கை மடிப்பில் அவள் கட்டைவிரல் தானாகவே அழுத்தி நரம்பைத் தேடியது. தொழில் புத்தி. நல்ல தடித்த நரம்பு. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள் குத்தியிருந்தால்கூட முதல் தடவையிலேயே ரத்தம் வந்திருக்கும். பத்து வருஷத்தில் ஒரே ஒரு தடவை குத்தியிருந்தால் போதும்.

வாசலில் அவள் கணவர் வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தார். “நிமோனியா. திடீர்னு முத்திப் போச்சு.” பொய்யில்லை. இறப்புச் சான்றிதழிலும் முதல் வரியில் அதுதான் இருந்தது. இரண்டாவது வரியைப் படித்தவர்கள் அவரும் அவளும்தான். சித்தப்பா படிக்கவில்லை. வார்டில் யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். அவள் மகளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. கல்லூரி முதல் வருஷம் படிக்கிற பெண் அவள். மாமா காலடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவன் காலுறையைச் சரியாக மாட்டிவிட்டுக்கொண்டிருந்தாள்.

தம்பியோடு சேர்ந்து பட்டறை வைத்திருந்தவர் வந்தார். பெஞ்சுப் பக்கம் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்தபடியே பேசினார்.

“மூணு மாசமா இளைச்சுக்கிட்டே வந்தான்க்கா. என்னடான்னா, டயட்டுங்கறான். இவனுக்கு எதுக்கு டயட்டு? எங்களுக்கு லேசா காய்ச்சல்னாலே உங்க லேபுக்குத்தான் துரத்துவான். எங்கக்கா மாதிரி வலிக்காம யாரும் ரத்தம் எடுக்க முடியாதும்பான்.”

“அவன் வரல,” என்றாள் அவள்.

“அதான்க்கா. எங்களையெல்லாம் அனுப்பிட்டு அவன் வரல பாருங்க.”

பதினோரு மணிக்கு வண்டி வந்தது. தூக்கும்போது பட்டறைக்காரர், “கனமே இல்லையே” என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காக நாக்கைக் கடித்துக்கொண்டார். வண்டி தெருமுனை திரும்புகிறவரை அவள் வாசலிலேயே நின்றாள்.

அப்பா அம்மா அடுத்தடுத்துப் போனபோது அவனுக்குப் பதினொரு வயது. அவள் இடுப்பில் கைக்குழந்தை இருந்தது. தம்பியையும் மகளையும் ஒன்றாகத்தான் வளர்த்தாள். சாப்பாட்டு மேஜையில் அவன் இடம் அவளுக்கு நேர் எதிரே. ராத்திரிச் சாப்பாட்டில் எல்லாரும் உட்கார்ந்ததும், “இன்னைக்கு என்ன கதை?” என்று கேட்பான். அவளிடம் கதைக்கா பஞ்சம்! ஊசியைப் பார்த்ததும் மயங்கி விழுந்த பயில்வான், சர்க்கரை பார்க்க வருகிற வழியில் டீக்கடையில் நின்றுவிட்டு வருகிறவர் என்று தினம் ஒன்று இருக்கும். கையை ஆட்டி, குரலை மாற்றி, ஆளை அப்படியே கொண்டுவந்து நிறுத்திவிடுவாள். ஆனால் ஒரு தடவைகூடப் பேரைச் சொன்னதில்லை. அதில் அவளுக்குப் பெருமை உண்டு. ‘இங்கே செய்யப்படும் பரிசோதனைகள் ரகசியமாக வைக்கப்படும்’ என்ற பலகையை லேபின் சுவரில் ஆணி அடித்து மாட்டியவளே அவள்தான்.

பேரைத்தானே சொல்லவில்லை. கதையைச் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் எட்டாவது நாள், ஆக்சிஜன் முகமூடியை மோவாய்க்கு இறக்கிவிட்டுக்கொண்டு தம்பி கேட்டான். “அக்கா, அப்பா பேரைச் சொன்னவன் கதை ஞாபகம் இருக்கா?”

“எந்தக் கதைடா? முகமூடியைப் போடு.”

“ஒருத்தன் அந்த டெஸ்டுக்கு வந்தான்னு சொன்னியே. பத்து வருஷம் இருக்கும். எனக்குப் பத்தொன்பது.”

அவளுக்கு ஞாபகம் இருந்தது. முயன்று நினைவுபடுத்திக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லாத அளவு, எத்தனையோ தடவை சொல்லிப் பழகிய கதை.

“நான் மறுநாள் காலையில உன் லேபுக்கு வர்றதா இருந்தேன்க்கா. சொல்லிடலாம்னுதான் அன்னைக்கு வந்து மேஜையில உக்காந்தேன். சாப்பிட்டு முடிச்சதும் உன்னைத் தனியா கூப்பிடணும்னு நெனச்சுட்டு இருந்தேன். அதுக்குள்ள நீ கதையை ஆரம்பிச்சுட்டே.”

அவள் நழுவிக் கிடந்த போர்வையை அவன் மார்பு வரை இழுத்துவிட்டாள்.

“வேற லேபுக்குப் போயிருக்கலாமேடா.” அதைச் சொல்லும்போதே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

“எல்லா லேப்லயும் ஒரு அக்கா இருப்பாங்கல்ல? அவங்க வீட்டுலயும் ஒரு மேஜை இருக்கும்.” மூச்சு வாங்கியது. சிரிக்கப் பார்த்தான். “அப்புறம் உடம்பு நல்லாத்தான் இருந்துச்சு. எல்லாம் சரியாப் போச்சு போலன்னு விட்டுட்டேன். கல்யாணப் பேச்சு எடுத்தப்பல்லாம் உன்கிட்ட சண்டை போட்டேனே, அது மட்டும்தான் நான் புத்தியோட செஞ்ச காரியம்.”

உடம்பு நன்றாகத்தான் இருக்கும், வருஷக்கணக்காக ஒன்றுமே காட்டாமல் இருக்கும் என்பதை அவள் ஒரு நாளைக்கு நாலு பேருக்குச் சொல்கிறவள். பார்த்துவிட்டால் பயமில்லை, தினமும் மாத்திரை, அவ்வளவுதான், மற்றவர்களைப் போல வேலை பார்க்கலாம், வயதாகலாம் என்றும் சொல்கிறவள். அதே வாய்தான்.

“என்னை மன்னிச்சுடுடா” என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். நர்ஸ் வந்தாள். முகமூடியை ஏற்றிவிட்டாள். அப்புறம் அவனால் பேச முடியவில்லை, அவள் பேசவில்லை. பதினோரு நாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த ஒரு சொல் மட்டும் வரவில்லை.

இரண்டு மணிக்கு ஆண்கள் திரும்பி வந்து குளித்தார்கள். பக்கத்து வீட்டிலிருந்து சோறும் குழம்பும் வந்திருந்தது. மேஜையை மறுபடி கூடத்து நடுவில் இழுத்துப் போட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்கள். அவன் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை.

சித்திதான் முதலில் வாயைத் திறந்தாள். துக்க வீட்டில் நாலு வாய் சோறு உள்ளே போனதும் போனவரின் நல்ல நாளைப் பேசத் தோன்றுமே, அதுபோல.

“அவன் சிரிச்சா வீடே அதிரும். ஒரு தடவை நாங்க வந்திருந்தப்போ நீ ஏதோ கதை சொன்னே. தண்ணி புரையேறி, மூக்குல வழிஞ்சு, எழுந்து உள்ள ஓடினானே! என்ன கதைம்மா அது?”

அவள் கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தாள்.

“எனக்கு ஞாபகம் இருக்கு,” என்றாள் மகள். அன்றைக்கு அவளுக்கு எட்டு வயது. “ஒருத்தன் டெஸ்டுக்கு வந்தான். கையும் காலும் நடுக்கம். பேர் என்னன்னு அம்மா கேட்டா, பயத்துல அவங்கப்பா பேரைச் சொல்லிட்டான். சரி, வயசு என்னப்பான்னா, முழிக்கறான். அப்பா பேரைச் சொல்லிட்டோமே, அதுக்கு ஏத்த மாதிரி சொல்லணுமேன்னு, அம்பத்தி ரெண்டுங்கறான். மீசைகூட சரியா முளைக்கல.” மகள் அம்மாவின் குரலிலேயே சொன்னாள். கண்ணை உருட்டுவதும் கையை விரிப்பதும் அச்சு அசல் அம்மாதான். “அம்மா எழுந்து நின்னு, உக்காருங்க பெரியவரேன்னாங்களாம்.”

சித்தி குபீரென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். சித்தப்பாவும் சிரித்தார். மகள் சிரிக்கவில்லை. சொல்லி முடித்த பிறகு தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு இந்த மேஜையே அதிர்ந்தது. தம்பியும் சிரித்தான். வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தான். கதை நன்றாக எடுபட்டதென்று அவள் நினைத்தாள். கூடவே, வயசுப் பையன் காதிலும் விழட்டும், புத்தியாக இருந்துகொள்ளட்டும் என்றும் நினைத்தாள். அவனுக்கு அவள் சொன்ன புத்தி மொத்தமும் அதுதான். உட்கார வைத்து, ‘இப்படியெல்லாம் நோய் வரும், இப்படித் தடுக்கலாம், தப்பித்தவறி சந்தேகம் வந்தால் வெட்கப்படாமல் வா’ என்று ஒரு நாளும் சொன்னதில்லை. லேபில் முன்பின் தெரியாதவர்களுக்குச் சொன்னாள். வீட்டில் வேடிக்கை காட்டினாள்.

சாப்பிட்டவர்கள் எழுந்தார்கள். சித்தியும் சித்தப்பாவும் கிளம்பினார்கள். கணவர் உள்ளறையில் படுத்த மாத்திரத்தில் தூங்கிப்போனார், இரண்டு நாள் கண் மூடாதவர். சமையலறையில் அவள் பாத்திரம் தேய்க்க, மகள் பக்கத்தில் நின்று துடைத்து வைத்தாள்.

“அம்மா, மாமாவுக்கு நிமோனியா மட்டும் இல்லதானே?”

பூசி மெழுக நிறையச் சொற்கள் இருந்தன. காலையிலிருந்து அவள் கணவர் வாசலில் நின்று ஒத்திகை பார்த்துக் கொடுத்திருந்தார்.

“இல்ல,” என்றாள். “எச்.ஐ.வி. பத்து வருஷமா இருந்திருக்கு. பாத்திருந்தா மாத்திரை குடுத்திருப்பாங்க. இன்னைக்கு பட்டறையில இருந்திருப்பான்.”

மகள் கையிலிருந்த தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அது எப்போதோ காய்ந்துவிட்டது.

“ஏன் பாக்கல?”

“இப்ப ஒரு கதை சொன்னியே, அதனாலதான். மறுநாள் என்கிட்ட வர்றதா இருந்திருக்கான். நான் அன்னைக்கு ராத்திரி அதைச் சொல்லிட்டேன்.” குரல் உடைந்தது. அவள் அதை மறைக்கவில்லை. “நான்தான்டி காரணம். மன்னிச்சுடுன்னுகூட அவன்கிட்ட சொல்லல.”

மகள் அம்மாவின் முதுகில் கை வைத்தாள். ஈரத்துணியோடு வைத்த கை. சட்டென்று எடுக்கவுமில்லை. குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மகள் ஜன்னலைப் பார்த்துப் பேசினாள்.

“காலேஜ்ல ஒருத்தி இருக்காம்மா. ஒரு மாசமா பயந்துக்கிட்டே இருக்கா. போய்ப் பாத்துடுன்னா, உங்கம்மா லேபுக்கு மட்டும் வரவே மாட்டேங்கறா.” கையிலிருந்த தட்டை அடுக்கில் வைத்தாள். “உன் கதையையெல்லாம் நான் அங்க எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன்.”

அவள் கையிலிருந்த பாத்திரத்தைத் தொட்டியில் வைத்தாள். யாரு? எந்த ஒருத்தி? திரும்பி மகளின் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். இருபது வருஷமாக முகத்தைப் பார்த்தே முடிவைச் சொல்கிறவள் அவள். ‘யாரு’ என்ற சொல் நாக்கின் நுனிவரை வந்து நின்றது. தம்பியிடம் சொல்ல வேண்டிய சொல் வரவே வராமல் போன அதே இடம். அவள் அந்தக் கேள்வியை விழுங்கினாள்.

கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். மேஜைமேல் கையுறைப் பெட்டி அப்படியே இருந்தது. அதன் மேல்மூடியைக் கிழித்து, உட்பக்கத்து வெள்ளையில் எழுதினாள். பெரிய ஆஸ்பத்திரி, பின்பக்க வாசல், ஏழாம் எண் அறை. காலை ஒன்பதிலிருந்து ஒன்று. பேர் கேட்க மாட்டார்கள், எண் மட்டும்தான். காசு இல்லை. அன்றைக்கே முடிவு தெரியும். இல்லை என்று வந்தாலும் மூன்று மாதம் கழித்து இன்னொரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டும். உண்டு என்று வந்தாலும் மருந்து இருக்கிறது. கடைசி வரியின் கீழே பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தாள். பிறகு, ‘துணைக்கு ஆள் வேண்டுமானால் நான் வாசலிலேயே நிற்கிறேன்’ என்று எழுதினாள்.

அதைத் தம்பியின் இடத்தில், உப்பு ஜாடிக்கு அடியில் வைத்தாள்.

“மேஜையில வெச்சிருக்கேன்,” என்று சமையலறைக்குள் வந்து பொதுவாகச் சொன்னாள். “வேணுங்கறவங்க எடுத்துக்கட்டும். நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்.”

தொட்டியின் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். தேய்க்க ஒன்றும் மிச்சமில்லை. தேய்த்து வைத்த டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி தேய்த்தாள். முதுகுக்குப் பின்னால் மகள் நகர்வது கேட்டது. கூடத்தில் நாற்காலி ஒன்று மெதுவாக நகர்ந்தது. பிறகு மகளின் அறைக் கதவு சாத்திக்கொண்டது.

குழாயை மூடிவிட்டு வெளியே வந்தாள். மேஜைமேல் உப்பு ஜாடி ஒரு சாண் தள்ளி இருந்தது; அடியில் அட்டை இல்லை. அவள் அதைப் பழைய இடத்துக்கு நகர்த்தி வைத்தாள்.