தண்ணீர் எரிந்த மதியம்

ரொசாலியா சாப்பாட்டு வாளியோடு கரைக்கு வந்தபோது பாலம் திறந்திருந்தது. இரும்புத்தாது ஏற்றிய கப்பல் ஒன்றுக்கு வழிவிட, நடுத்தூணின் மேல் சுழன்று, ஆற்றோட்டத்தின் போக்கிலேயே நீளவாக்கில் திரும்பி நின்றது. இரு கரைக்கும் எட்டாத அந்த இரும்புக்கு நடுவே, உச்சியிலிருந்த மரக்கூண்டில் அவள் கணவன் கஸ்பார் இருந்தான். பாலத்தைத் திருப்புவது அவன் வேலை. அமெரிக்காவின் க்ளீவ்லாண்டுக்கு வந்து இரண்டு வருடம் அலைந்தபின் கிடைத்த வேலை.

அவளைப் பார்த்ததும் தலையை வெளியே நீட்டினான்.

"கோஸ் உருண்டையா? இங்க வரைக்கும் மணக்குது!"

"புளுகாத! இந்த ஆத்து நாத்தத்துல உனக்குக் கோஸ் வாசனை வருதாக்கும்!"

அவன் சிரித்தான். கப்பலை இழுத்துக்கொண்டு படகோட்டி ஃபிண்டனின் இழுவைப்படகு வளைவைத் தாண்டியது. இனி பாலத்தை மூட வேண்டியதுதான் பாக்கி.

அப்போது ஆறு வரும் திசையில் சற்றுத் தள்ளி, ரயில் பாலத்தில் ஒரு எஞ்சின் கடந்துபோனது. அதன் அடியிலிருந்து கைப்பிடியளவு தணல் ஆற்றில் உதிர்ந்தது. 'உஸ்' என்று அணையும் என்றுதான் ரொசாலியா நினைத்தாள். யாருக்கும் அப்படித்தானே தோன்றும்?

அணையவில்லை. விழுந்த இடத்தில் நீலமாக ஒரு சுடர் எழுந்தது. அது அகலமாகி, மஞ்சளாகி, மிதந்து கிடந்த மரத்துண்டுகளைப் பற்றிக்கொண்டு கரைக்குக் கரை பரவியது. தண்ணீர் எரிந்தது. அவள் கண்களைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தாள். ஓடிவரும் ஆறு, தன் முதுகில் நெருப்பைச் சுமந்துகொண்டு பாலத்தை நோக்கி வந்தது.

"கஸ்பார்! தீ! ஆத்துல தீ!"

அவன் பார்த்துவிட்டான். மோட்டாரை முடுக்கினான். பாலம் ஒரு சாண் நகர்ந்து நின்றுவிட்டது. தூணைச் சுற்றியிருந்த மரத்தடுப்பில் தீ ஏறி, மின்கம்பியைத் தின்றிருந்தது.

கூண்டிலிருந்து இறங்கி வந்தான். மோட்டார் கைவிட்டால் கையால் திருப்ப ஓர் இரும்புத்தண்டு உண்டு. அதைக் குழியில் செருகி, செக்குமாடு மாதிரி சுற்றிச்சுற்றி வந்து தள்ள வேண்டும். இரண்டு ஆள் வேலை. அவன் ஒற்றை ஆளாகத் தள்ளினான். தண்டு சூடேறி, அவன் உள்ளங்கைத் தோல் அதில் ஒட்டியது. பாலத்தின் முனை அங்குலம் அங்குலமாகக் கரைப்பக்கம் திரும்பியது. கரும்புகை அவனை மூட, உள்ளிருந்து இருமல் கேட்டது. பிறகு பாலம் நகரவில்லை. இருமலும் கேட்கவில்லை.

ரொசாலியா வாளியைப் போட்டுவிட்டுக் கரையின் விளிம்புக்கு ஓடினாள்.

கப்பலை அவிழ்த்துவிட்டு ஃபிண்டன் திரும்பியிருந்தான். குழாயால் முன்னே தண்ணீரைப் பீய்ச்சி, தீயை ஒதுக்கி, படகின் மூக்கைப் பாலத்தின் முனையில் வைத்து முட்டினான். இரும்பு அலறியது. முனை கரையைத் தொடுவதற்குள் ரொசாலியா தாவிவிட்டாள். காலடியில் பலகைகள் புகைந்தன. தண்டின் மேல் கவிழ்ந்து கிடந்த கஸ்பாரின் அக்குளில் கைகொடுத்து, தரதரவென்று கரைக்கு இழுத்து வந்தாள். பின்னால் மரக்கூண்டு எரிந்து விழுந்தது.

படகைக் கட்டிவிட்டு ஃபிண்டன் மேலே ஏறி வந்தான். முகமெல்லாம் கரி.

"மூச்சு இருக்கா? இருக்கு. அப்பறம் ஏம்மா இப்படி நடுங்குற? எனக்கு இது மூணாவது தடவை. போன தடவைதான் பெருசு. மூணு படகு போச்சு."

"மூணாவது... தடவையா?"

"ஆமா. எங்கப்பா காலத்துலயும் எரிஞ்சிருக்கு. இந்த ஆறு அப்படித்தான்."

அவள் கஸ்பாரைத் திரும்பிப் பார்த்தாள். அவன் கண்ணைத் திறந்திருந்தான். ஆனால் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"உனக்கும் தெரியுமா?"

"சொன்னா... நீ என்னை வேலைக்கு விட்டிருப்பியா?"

தீயைப் பார்த்தபோதுகூட அவளுக்கு இப்படி ஆகவில்லை. அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கட்டுப்போட்ட கையோடு அவன் வீட்டில் கிடந்த நாட்களில் அவளே ஊட்டிவிட்டாள், ஆனால் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருநாள் சூப்பை ஊட்டி முடித்ததும் சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு ஆற்றோரமாகவே மேலே நடந்தாள். ஆலைகளுக்குப் பின்னால் ஒரு பெரிய குழாய், கொழகொழவென்று கறுப்பு எண்ணெயை ஆற்றில் கக்கிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே ஓர் ஆள் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான்.

"இதை ஏன்யா ஆத்துல விடுறீங்க?"

அவன் மெல்லுவதை நிறுத்திவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தான். கிண்டல் இல்லை, கோபம் இல்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டான்:

"வேற எங்க விடுறது?"

அவள் வீடு திரும்பியபோது கஸ்பார் வாசலில் நின்றிருந்தான். அன்றுதான் அவனிடம் வாயைத் திறந்தாள்.

"திரும்ப அந்தக் கூண்டுல ஏறினா, இறங்கி வர்றப்ப வீட்டுல நான் இருக்க மாட்டேன்."

"வேற வேலை இரும்பாலையிலதான்டி கெடைக்கும். இரும்பு உருக்குற எடம். அங்கயும் நெருப்புதான்."

"இருக்கட்டும். உலைக்குள்ள இருக்குற நெருப்புன்னு தெரிஞ்சே போவ. என்கிட்டயும் சொல்லிட்டுப் போவ."

அவன் ஆலைக்குப் போனான். அந்தப் பாலத்தைப் பிரித்துவிட்டு, செங்குத்தாக உயரும் பாலம் ஒன்றைக் கட்டினார்கள். ஆற்றின் மேல் எண்ணெய் பளபளத்துக்கொண்டேதான் இருந்தது. ரொசாலியா ஆற்றைக் கடக்கும்போதெல்லாம், கூட வருகிறவர்கள் அந்த எண்ணெயைக் கண்டும் பேச்சை நிறுத்தாமலே நடப்பதை வாய் பிளந்து பார்ப்பாள்.