பாஸ் போட்டோ முகம்

சாவியோ அம்மாவிடம் பேசாமலேயே செத்துப்போனான். முஸ்லிம் பெண் ஜஸீமாவைக் கட்டிக்கொள்கிறேன் என்று அவன் வந்து நின்ற அன்று அம்மா ஃப்ளோரா ஆடிய ஆட்டம் அந்த ராயபுரம் தெருவுக்கே தெரியும். அதன்பிறகு அவன் அவளிடம் ஒரு வாய் சோறுகூடக் கேட்டதில்லை. துறைமுக வேலையில், பின்னால் வந்த கன்டெய்னர் லாரியைக் கவனிக்காமல் போய்ச் சேர்ந்தான்.

முப்பதாம் நாள் பூசைக்கு அவள் கணவர் அருள்பிரகாசம்தான் யானைக்கவுனி ஓவியரிடம் மகனை வரைந்து வாங்கி வந்தார். பார்த்ததும் ஃப்ளோரா உடைந்துபோனாள். கண்ணில் அப்படி ஒரு கனிவு. 'அம்மா' என்று கூப்பிட வாயெடுத்தது போல உதடு.

"பாத்தியாய்யா, எம்மேல கோவமே இல்ல அவனுக்கு!"

அருள்பிரகாசம் மாலையைச் சரிசெய்தார். அந்தப் பார்வையை வைத்துத்தான் அவள் ஒரு வருஷத்தை ஓட்டினாள். பாவம், வேறு எதை வைத்து ஓட்டுவாள்? வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம், மன்னிப்பு முகத்தில் எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டுவாள்.

உப்புக்காற்றில் கன்னத்துப் பெயின்ட் உரிந்தது. வருஷப் பூசைக்குள் சரிபண்ண, படத்தைத் துணியில் சுற்றி அவளே தூக்கிப் போனாள். ஓவியர் ராசையா பிரித்துப் பார்த்தார்.

"அதே முகந்தானேம்மா? ஐயா அன்னிக்கி சொன்னாப்ல?"

"இன்னா சொன்னாரு?"

"அம்மாவ மன்னிச்ச மாதிரி போட்டுடு நைனான்னாரு. அதான் புருவத்த எறக்கி, உதட்ட கொஞ்சம் தொறந்து வுட்டேன்." பெருமையாகத்தான் சொன்னார் மனுஷன்.

ஃப்ளோரா அசல் போட்டோவைக் கேட்டு வாங்கினாள். துறைமுகப் பாஸுக்கு எடுத்தது. நெரித்த புருவம், இறுகிய வாய்.

"கோவமாத்தான் கீறான்."

"அய்ய, பாஸ் போட்டோம்மா இது. மூஞ்சிக்கு நேரா லைட்டு. எல்லாரும் மொறைச்சிகினுதான் கீறாங்க. அத்த வெச்சி ஒண்ணியும் சொல்ல முடியாது."

"அப்ப எம்புள்ள மனசுல இன்னாதான்ணா இருந்துச்சி?"

ராசையா பிரஷ்ஷைத் துடைக்க ஆரம்பித்தார். இனி அதைச் சொல்ல உலகத்தில் ஒருவரும் இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அழுகைகூட வரவில்லை.

"கன்னத்த சரிபண்ணிடட்டாம்மா?" என்றார் அவர் மெல்ல.

"பண்ணுண்ணா. எனக்குத் தெரியும்னு மட்டும் அவராண்ட சொல்லிடாத. எனக்கோசரம் வாங்கியாந்தாரு."