நெய்வேலிக்காரர்கள் கை தூக்குங்கள்

கரி அள்ளிப் போகும் பெல்ட் ஓடத் தொடங்குமுன் நெய்வேலி மைன்ஸில் ஊதும் சைரன்தான் கார்முகிலுக்கு எமன். அது ஊதினால் போதும், நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும், இதோ உயிர் போகிறது என்று தோன்றும். ஈசிஜி எடுத்துப் பார்த்தாயிற்று, இதயத்துக்கு ஒன்றுமில்லையாம். "மனநல டாக்டரப் பாருப்பா" என்று அனுப்பிவிட்டார்கள். சொல்வதற்கென்ன, சுலபம்! கான்ட்ராக்ட்காரனை லூசு என்று ஒரு வாய் சொல்லிவிட்டால், பர்மனென்ட் ஆவது இருக்கட்டும், பெல்ட் பக்கம் அண்டவிடுவார்களா?

அதனால் டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் காட்டாமல், காதுகுத்து என்று சூப்பர்வைசரிடம் புளுகி லீவு வாங்கிக்கொண்டு, கடலூருக்குப் பஸ் ஏறினான். அங்கே இவனை யாருக்குத் தெரியும்?

ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு வராந்தாவில் ஒரே கூட்டம். பெஞ்சில் காலியாக இருந்த இடத்தில் உட்கார்ந்த பிறகுதான் பக்கத்து ஆளைப் பார்த்தான். அட கடவுளே, சூப்பர்வைசர் சிவப்பிரகாசம்! ஒரு அதட்டு அதட்டினால் ஷிப்டே நடுங்கும் மனுஷன்.

"காதுகுத்து இங்கதானா?"

"சார்... சைரன் ஊதனா செத்துப் பூடுவேன்னு பயம் வருதுங்க. யாருகிட்டயும் சொல்லிடாதீங்க, வேலை பூடும்."

"சொன்னா, நீ எதுக்கு அங்க போனேன்னு என்னைக் கேக்க மாட்டாங்களாடா?" அவர் குரல் தணிந்தது. "எனக்குக் காலையில எழுந்திரிக்கவே மனசு வரலப்பா. ஏன் இருக்கோம்னு இருந்துச்சு. மாத்திரை போட்டப்புறம்தான் சோறு ருசிக்குது."

கார்முகிலுக்கு நம்பவே முடியவில்லை. இவருக்குமா?

அப்போது நர்ஸ் வெளியே வந்தாள். "நெய்வேலிப் பக்கத்துலேர்ந்து வந்தவங்க கை தூக்குங்க. நிறைய பேரு இருந்தா, வாரம் ஒரு நாள் டாக்டரம்மா அங்கயே வந்து பாக்குறேங்கறாங்க."

ஒரு கைகூட அசையவில்லை. எல்லாரும் தரையைப் பார்த்தார்கள், சிவப்பிரகாசமும்தான். கார்முகில் கணக்குப் போட்டான். தூக்கினால் நாளைக்கே கேன்டீனில் பேச்சாகிவிடும். தூக்காவிட்டால், இங்கே வர வழியில்லாமல் இவனைப் போலவே எவனோ ஒருவன் அந்தச் சைரனுக்கடியில் நின்று செத்துச் செத்துப் பிழைப்பான்.

தூக்கிவிட்டான்.

பக்கத்தில் சிவப்பிரகாசத்தின் கை எழுந்தது. பின்னால் சலசலப்பு கேட்டுத் திரும்பினான். அடேயப்பா! முதன்முதலில் மைன்ஸ் விளிம்பில் நின்று, இவ்வளவு பெரிய பள்ளமா என்று வாயடைத்துப் போனானே, அதே மலைப்பு. இத்தனை பேரா! கரி போகாத கை, கண்ணாடி வளையல் கை, கம்பெனி பஸ் ஓட்டும் பழனிசாமியின் காக்கிக் கை. படிக்கட்டுக்கு வெளியே வெயிலில் நின்றவர்கள்கூட, ஒவ்வொருவராகத் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.