இடுப்பளவு நீரில் ஒரு சம்மதம்

1.
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. ஒரு சோலார் மின்சாரக் கம்பெனி, ‘பழங்குடி மக்களோடு எங்கள் நல்லுறவு’ என்று இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னது. தாம்பரத்தில் என் மேஜையில் உட்கார்ந்து நானும் ஆரம்பித்தேன்: ‘கேளம்பாக்கம் உப்பங்கழியில் பொழுது புலர்கையில் இருளர் மக்களின் முகத்தில்…’

சீ! அடித்துவிட்டேன்.

2.
மறுபடியும். ஜென்சி அந்தக் கம்பெனியின் மக்கள் தொடர்பு அதிகாரி. குரோம்பேட்டைக்காரி, நல்லவள். (அந்த ‘நல்லவள்’ மேல்தான் எனக்குச் சந்தேகம். சரி, இருந்துவிட்டுப் போகட்டும்.) கழிக்கரையில் வேலி போட்டு சோலார் தகடுகள் பதிக்க இருளர்களின் சம்மதம் வேண்டும். காலை பதினோரு மணிக்குக் கூட்டம் வைத்தாள். பேனர் வந்தது, சமோசா வந்தது, ஆள் வரவில்லை. அது நீர் வடிந்திருக்கும் நேரம். குடியிருப்பே கழியில் இறங்கி இறால் தடவிக்கொண்டிருந்தது.

ஜென்சி கரைக்கே ஓடினாள்.

“அக்கா, இங்க வேலி போட்டா உங்களுக்கு ஓகேவா?”

இடுப்பளவு நீரில் நின்ற அங்காளம்மா தலையை ஆட்டினாள். ஜென்சி ‘சம்மதம்’ என்று எழுதிக்கொண்டாள்.

(அடிக்குறிப்பாக வர வேண்டியது, இங்கேயே சொல்கிறேன்: இரண்டு கையும் சேற்றைத் தடவும்போது, இறால் போடும் ஓலைப்பறியைப் பல்லில் கவ்விக்கொள்வார்கள். அப்போது யாராலும் பேச முடியாது.)

3.
மறுநாள் அங்காளம்மா ஆபீசுக்கே வந்துவிட்டாள்.

“இன்னாமா, நான் சரின்னா சொன்னேன்? வாயில பறியைக் கவ்விகினு கீறேன், அப்ப வந்து கேக்கற! அப்பால வான்னு தலைய ஆட்டுனேன். வேலி போட்டா நாங்க எந்த வழியா தண்ணில எறங்கறது? சோத்துக்கு இன்னா பண்றது?”

‘சம்மதம்’ என்று ஜென்சி எழுதிய அறிக்கை காலையிலேயே மேலிடத்துக்குப் போய்விட்டது.

4.
முடிவு ஒன்று: ஜென்சி வாயைத் திறக்கவில்லை, வேலி… (எழுதக் கை வரவில்லை.)
முடிவு இரண்டு: கம்பெனி மனம் திருந்தி… (அட, போங்க சார்!)

நடந்தது இவ்வளவுதான்.

“தப்பு என்னுதுதான்க்கா. அறிக்கையைத் திருப்பி வாங்கிடறேன். இன்னொரு மீட்டிங் வைக்கிறேன். எப்ப வைக்கட்டும்?”

“தண்ணி ஏறுனதுக்கு அப்பால வை. அல்லாரும் வருவோம்.” வாசல் வரை போன அங்காளம்மா திரும்பினாள். “வந்து வேணாம்னு சொன்னா, அதையும் எழுதிக்குவியா?”

5.
ஜென்சியின் பதிலை ஏழு தடவை எழுதி அடித்துவிட்டேன். ‘எழுதுவேன்’ என்றால், எழுதிய மறுநாள் அவளுக்கு வேலை இருக்காது. ‘மாட்டேன்’ என்றால் கூட்டமே நாடகம். ‘மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன்’ என்று ஒரு பதில் இருக்கிறது. அதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அங்காளம்மா பதில் வாங்காமல் போவதாக இல்லை. நீங்கள்தான் சொல்லுங்களேன்.